விசிலுக்கு முந்தின கட்டைவிரல்

படகுக்குப் பின்னால் கயிறு கட்டி இழுக்கும் காற்றடைத்த டியூப்பில் குறுக்கே குப்புறப் படுத்து, ஒரு பக்கத்துப் பட்டையில் கால்விரல்களை மாட்டிக்கொண்டு, மறுபக்க விளிம்பில் முழங்கைகளை ஊன்றிக் கேமராவை நீட்டினேன். அதற்குள்ளேயே அரை டம்ளர் ஏரித் தண்ணீர் வயிற்றுக்குள் போயிருந்தது. இந்த டியூப்பில் மற்றவர்கள் எல்லாரும் படகைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கத்துவார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு இது வேலை செய்யும் மேஜை, நாற்காலி எல்லாம். மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் மேஜையில் யாராவது உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறீர்களா? நான் ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். விலா எலும்பு எத்தனை என்று எனக்கு எண்ணாமலே தெரியும்.

"என்னம்மா, ரெடியா?" என்று படகிலிருந்து மாமா கேட்டார்.

"ரெடி மாமா! ஊதுங்க!"

மாமா என்றால் என் மாமனார். முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், விசிலிலிருந்து ஓய்வு பெறவில்லை. படகு யாரையாவது இழுத்துக்கொண்டு போகும்போது, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, இழுபடுகிறவர்களைக் கவனித்து, ஓட்டுகிறவருக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அது எங்கும் உள்ள விதி. மற்ற படகுகளில் அந்த ஆள் கொடி காட்டுவார், கையை ஆட்டுவார். எங்கள் படகில் மாமா விசில் ஊதுவார். இரண்டு விசில் என்றால் கிளம்பு. ஒரு விசில் என்றால் நிறுத்து. அவருக்கு நீச்சல் தெரியாது. அதனால் லைஃப் ஜாக்கெட்டை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொள்வார். கழுத்து இருக்கும் இடமே தெரியாது. விசில் மட்டும் தெரியும். படகை ஓட்டுவது அவர் மகன், என் வீட்டுக்காரர். ஏரிக்கரையில் எங்களுக்கு ஒரு ஷெட்டும் இரண்டு படகுகளும் உண்டு. நீர் விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பது அவர், படம் எடுப்பது நான்.

எனக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்னால், நெஞ்சுவரை தண்ணீரில் அமிழ்ந்து, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவள் என் நாத்தனார். வீட்டில் அவளுக்குத் தவளை என்றுதான் பெயர். மூன்று வயதில் வாளித் தண்ணீருக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்றாளாம்; அண்ணன்காரர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது முப்பத்திரண்டு வயது. இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, படகு கிளப்பிவிடும் அலையின் விளிம்பிலிருந்து எகிறி, இந்தப் பக்கத்து அலையிலிருந்து அந்தப் பக்கத்து அலைக்குத் தாவுவது அவள் தொழில். வேக்போர்டு என்பார்கள். போன வருஷம்வரை அணியில் இருந்தாள். அப்புறம் இடது முழங்காலில் ஒரு நார் அறுந்தது. ஆபரேஷன், கட்டு, கைத்தடி, சுவரைப் பிடித்து நடை என்று எட்டு மாதம் போனது.

இன்றைக்கு மாலைக்குள் தேர்வுக்குழுவுக்கு ஒரு வீடியோ போய்ச் சேர வேண்டும். வெட்டு ஒட்டு கூடாது. ஒரே ஓட்டத்தில் மூன்று வித்தை. மூன்றாவது வித்தையில்தான் விஷயம் இருந்தது: தலைகீழாகச் சுழலும்போதே கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி, கீழே இறங்கும்போது கை தண்ணீரில் படாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை பத்தொன்பது வயதுப் பெண்களைக் கூப்பிடுவார்களே தவிர, முட்டியில் தையல் போட்டவளைக் கூப்பிட மாட்டார்கள். அது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கைமாற்றம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று குழுவின் கடிதத்தில் தனியாக எழுதியிருந்தார்கள். மேலே டிரோன் பறக்கவிட்டால் முதுகும் தலையும்தான் தெரியும். படகிலிருந்து எடுத்தால் அவள் உடம்பே கையை மறைத்துவிடும். பக்கவாட்டில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே கேமரா இருந்தால்தான் உண்டு. அந்த ஒரு சாண் உயரத்துக்கு இந்த ஏரியில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

காலையில் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"படகுக் கம்பத்துல என் சின்ன கேமராவையும் மாட்டிடலாமா? சும்மா, ஒரு சேஃப்டிக்கு."

"ஏன், என் மேல நம்பிக்கை இல்லியா?"

"உன் மேல இல்லாம என்ன. மெஷின் மேலதான்."

"மெஷினைப் புடிச்சிருக்கிறது நான்தானே? நீங்க போய் உங்க ஸ்டியரிங்கைப் பாருங்க."

அவர் போய்விட்டார். அவருக்கு என்னிடம் பிடித்ததே என் வாய்தான் என்று கல்யாணமான புதிதில் சொல்லுவார். இப்போதெல்லாம் சொல்வதில்லை.

என் வேலை செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வெயிலிலும் சாரலிலும் கேமராவின் திரையில் ஒன்றும் தெரியாது. என் முகம்தான் அதில் தெரியும். ஓடும்போது எரிய வேண்டிய சிவப்பு விளக்கு கேமராவின் முன்பக்க மூலையில் இருக்கிறது. தண்ணீர் புகாத பெட்டிக்குள் கேமராவை வைத்தால் அந்தச் சிவப்பு, கண்ணாடியில் பட்டுப் படத்தின் மூலையில் ஒரு புள்ளியாக விழும். எனக்கு ஆகாது. கறுப்பு டேப் கிழித்து விளக்கின் மேல் ஒட்டிவிட்டேன். பட்டனும் கையுறை போட்ட விரலுக்கு அழுந்தினதா இல்லையா என்று சொல்லாது. ஆகவே நான் மாமாவின் விசிலை நம்பியிருந்தேன். இரண்டு விசில் கேட்டால் கட்டைவிரல் ஒருமுறை அழுத்தும், கேமரா ஓடும். ஒரு விசில் கேட்டால் மறுபடி அழுத்தும், நிற்கும். என் கட்டைவிரலுக்குக் காது இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட அது என்னைக் கைவிட்டதில்லை.

முதல் ஓட்டத்தில் இரண்டாவது வித்தையிலேயே விழுந்தாள். இரண்டாவது ஓட்டத்தில் மூன்றாவது வரைக்கும் போய், முதுகுக்குப் பின்னால் கைப்பிடி நழுவியது. அவள் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம், கயிறு படகின் பின்னால் தனியாகத் துள்ளிக்கொண்டு போயிற்று. மாமா ஒரு விசில் ஊதினார். படகு வட்டமடித்துத் திரும்பி வந்தது.

"தவளை, இதோட மூணாவது. இன்னிக்கு இதான் கடைசி," என்றார் அண்ணன்காரர். ஒரு நாளைக்கு மூன்று ஓட்டம் என்பது அவர் போட்ட கணக்கு. டாக்டரம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"தெரியும்ண்ணா. ஓட்டுற வேலையைப் பாரு."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடி அமிழ்ந்தாள். வெயில் அப்போதுதான் ஒரு மேகத்தை விட்டு வெளியே வந்து, சாய்வாக அவள் முகத்தில் விழுந்தது. ஈர முகம். கண்ணை மூடியிருந்தாள். உதடுகள் அசைந்தன, எகிறுவதற்கு எத்தனை வரை எண்ண வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு, அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடடா என்று இருந்தது எனக்கு. படம் எடுக்கிறவளுக்கு இப்படி ஒரு முகம் கிடைத்தால் சும்மா இருப்பாளா? குழுவுக்கு வேண்டாம், எனக்கே எனக்கு என்று நினைத்துப் பட்டனை அழுத்தினேன்.

ஏழெட்டு நொடி போயிருக்கும். இரண்டு விசில் கேட்டது. என் கட்டைவிரலுக்குத்தான் காது உண்டே. அழுத்தியது.

அந்த மூன்றாவது ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முதல் வித்தை, சுத்தம். இரண்டாவது, அதைவிடச் சுத்தம். மூன்றாவதுக்கு வெளியே ஒதுங்கி, பலகையின் விளிம்பைச் சாய்த்து அலையை நோக்கி வெட்டிக்கொண்டு வந்தாள். அலையின் தலையில் கால் நிமிர்ந்தது. ஆள் மேலே போனாள். பலகையின் அடிப்பக்கம் முழுசாக என்னைப் பார்த்தது. சுழலும்போது வலது கை கைப்பிடியை முதுகுக்குக் கொண்டுபோனது, இடது கை அங்கே காத்திருந்து வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான். எட்டு மாதம் சுவரைப் பிடித்து நடந்ததெல்லாம் அந்த ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான். அந்தப் பக்க அலையைத் தாண்டி, ஒரு துளி கூடுதலாகத் தெறிக்காமல் இறங்கி, முழங்காலை மடித்து நிமிர்ந்தாள். மாமா ஒரு விசில் ஊதினார். என் கட்டைவிரல் மறுபடியும் அழுத்தியது. அப்புறம் மாமா வாயிலிருந்து விசிலை எடுக்காமலே ஏதோ கத்தினார், அது விசிலாகவே வந்தது. நான் படகைப் பார்த்துக் கேமரா தொங்கும் கையையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு ஊளையிட்டேன். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினார். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை விட்டதை அன்றுதான் பார்த்தேன்.

ஷெட்டில் சொட்டச் சொட்டத் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். பெட்ரோல் வாசமும் காயாத ஜாக்கெட்டுகளின் புழுங்கல் வாசமும் அடிக்கும் ஷெட் அது. மாமா பிளாஸ்க்கிலிருந்து எல்லாருக்கும் டீ ஊற்றினார். கேமராவைப் பெட்டியிலிருந்து எடுத்தபோதே அது சூடாக இருந்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கார்டை லேப்டாப்பில் செருகினேன்.

நாலு வீடியோ இருந்தன. முதல் இரண்டும் அவள் விழுந்த ஓட்டங்கள். மூன்றாவது ஏழு நொடி. நாலாவது பதினோரு நிமிஷம்.

ஏழு நொடியில் அவள் முகம் இருந்தது. கண்ணை மூடி, உதடு அசைய, வெயிலில். இரண்டு விசில் சத்தத்தோடு அறுந்தது. நாலாவதைத் தட்டினேன். ஒரு விசில் சத்தத்தோடு ஆரம்பித்தது. அவள் ஏற்கெனவே இறங்கி முடித்து, சிரித்துக்கொண்டே தண்ணீரில் அமிழ்ந்துகொண்டிருந்தாள். அப்புறம் வானம், என் முழங்கை, வானம், படகின் மூக்கு. பதினோரு நிமிஷத்தின் கடைசியில் ஷெட் படிக்கட்டும் என் கால்களும் கேமராப் பையின் இருட்டும் வந்தன. அதெல்லாம் அழகாகப் பதிவாகியிருந்தது. எனக்கே எனக்கு என்று ஆசைப்பட்டு ஒருதரம் முந்தி அழுத்தினேன். விசில் கேட்டதும் விரல் பழக்கத்தில் அழுத்தி அணைத்துவிட்டது. ஓட்டம் முழுக்கக் கேமரா தூங்கியது. ஓட்டம் முடிந்ததும் எழுந்துகொண்டது. அந்த டேப்பை மட்டும் ஒட்டாமல் இருந்திருந்தால் யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

நடுவில் ஒரு இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். நான் ஊளையிட்டுக்கொண்டிருந்தபோது, என் கையில் தொங்கிய கேமரா தவளையின் பக்கம் திரும்பியிருந்தது. படகு அவளுக்கு முதுகைக் காட்டி வட்டமடிக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விடுகிறது. இரண்டு கையாலும் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கீழுதட்டைக் கடித்து, தலையைப் பின்னால் சாய்க்கிறாள். பதினைந்து நொடி. படகு திரும்பி வரும்போது கையை எடுத்து மேலே தூக்கி ஆட்டுகிறாள், பழையபடி சிரிப்பு.

லேப்டாப்பை மூடிவிட்டேன்.

"எங்கே, காட்டுங்க அண்ணி," என்று தவளை டம்ளரோடு வந்தாள்.

என்னென்னவோ தோன்றியது. கார்டு கெட்டுப்போச்சு என்று சொல்லலாம். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது என்று சொல்லலாம். மெஷின் மேல் பழியைப் போட மெஷின்காரி ஒருத்திக்கு நூறு வழி உண்டு. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வாய் வரவில்லை.

"இல்ல தவளை. அது இதுல இல்ல."

"எது இல்ல?"

"மூணாவது ஓட்டம். கேமரா ஓடல. விசிலுக்கு முன்னாடியே ஒருதரம் அழுத்திட்டேன். விசில் வந்ததும் திரும்ப அழுத்திட்டேன். நின்னு போச்சு. நான்தான். மெஷின் நல்லாத்தான் இருக்கு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். காலையில் அவர் கேட்டது எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றது. அவர் மட்டும் அதை வாயால் சொல்லியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மனுஷன் சொல்லவே இல்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய், ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிழிய ஆரம்பித்தார்.

"என்னம்மா சொல்றே நீ?" என்றார் மாமா. அவருக்கு இன்னும் புரியவில்லை. "நான் கண்ணால பாத்தேனே!"

"எல்லாரும் பாத்தோம் மாமா. கேமராதான் பாக்கல."

தவளை டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் கேட்டது வேறு.

"நீங்க பக்கத்துல இருந்தீங்க. கை மாறினது சுத்தமா இருந்துச்சா?"

"கண்ணாடி மாதிரி."

"அப்போ சரி. இன்னொரு தடவை போலாம். அண்ணா, வண்டியை எடு."

"முடியாது," என்றார் அவர் ஜாக்கெட்டைப் பிழிந்துகொண்டே. "மூணு முடிஞ்சுது. மணி பத்தேகால். பதினோரு மணிக்குக் காத்து கிளம்பிடும். அலை மேல அலை. உன் முட்டி இருக்கிற இருப்புக்கு..."

"என் முட்டிக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு."

மூடியிருந்த லேப்டாப்பின் மேல் என் கை இருந்தது. அது அங்கேயே இருந்திருந்தால் அவர் தங்கையின் பேச்சுக்கு மசிந்திருப்பார், எப்போதும் மசிவார். நானும் என் தப்பைச் சரிசெய்திருப்பேன். அவளுக்கு நான் கடன்பட்ட ஓட்டம் ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தாக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பதினைந்து நொடியை நான் பார்த்துவிட்டேனே. நாளைக்கு அவள் கைத்தடியோடு நடந்தால் என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வேன்? ஒரு நாளைக்கு ஒரு தப்பு போதும். லேப்டாப்பைத் திறந்து எல்லாரும் பார்க்கும்படி திருப்பி வைத்தேன்.

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடிக்கும் இடம் ஓடியது. ஜாக்கெட் பிழியும் சத்தம் நின்றது.

"அண்ணி!" என்றாள் தவளை. "எடுக்க வேண்டியதை எடுக்கல, இதை மட்டும் எடுத்தீங்களா?"

அது சுருக்கென்று தைத்தது. நியாயமான பேச்சு.

"வலிக்குதா?" என்று மாமா கேட்டார்.

"வலிக்கும்ப்பா. ஏன் வலிக்காது? கத்தி வச்ச இடம். படி ஏறினா வலிக்குது, மழை வந்தா வலிக்குது. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? வலி வேற, வழுக்குறது வேற. வலிச்சா பொறுத்துக்கோ, உள்ள எலும்பு வழுக்கின மாதிரி இருந்தா அந்த நிமிஷமே நிறுத்துன்னாங்க. வழுக்கல. இன்னிக்கு மட்டும் இல்ல, ரெண்டு மாசமா வழுக்கல. உங்களுக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவீங்கன்னுதான் அந்தாண்ட திரும்பிப் புடிச்சுக்கிறேன்."

மாமா டீயை வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு ஜாக்கெட்டும் இன்னும் உடம்பில் இருந்தன.

"வா இப்படி. படியில ஏறு."

ஷெட்டிலிருந்து படகுத்துறைக்கு ஒன்பது படி. ஏறச் சொன்னார். இறங்கச் சொன்னார். அப்புறம் இடது காலால் மட்டும் நிற்கச் சொல்லி, கீழ்ப்படியில் குந்தி உட்கார்ந்து, அவள் முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து அவர் அந்தத் தழும்பைப் பார்த்ததே கிடையாது. கட்டுப் பிரிக்கும்போது வாசலுக்குப் போய்விடுவார். இப்போது கையை எடுக்காமல் வைத்துக்கொண்டார்.

"மடக்கு. மெதுவா. இப்போ எழுந்திரு."

ஒற்றைக் காலில் மடக்கி எழுந்தாள். பத்து தடவை. மாமா முகத்தைச் சாய்த்து, என்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கிறவர்போல் உள்ளங்கையால் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டாவதில் அவளுக்குக் கண் கலங்கியது. முட்டி ஆடவில்லை.

"படியில ஒருத்தன் தொங்கிட்டிருந்தா நான் ஒரு நாளும் ரைட் குடுத்ததில்ல," என்றார் மாமா எழுந்துகொண்டே. "மேலதிகாரியே வண்டியில உக்காந்திருந்தாலும் சரி. ரைட் சொல்றது நான். கேட்டுச்சா? ஒரே ட்ரிப். இதான் லாஸ்ட் ட்ரிப். விழுந்தா விழுந்ததுதான், நேரா வீடு."

"அப்பா..." என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ டிரைவர். வாயை மூடிட்டு ஓட்டு."

சிரிக்கக்கூடாத நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் போனேன். கொஞ்சம் எச்சிலும் கொஞ்சம் கௌரவமும் விழுங்க வேண்டியிருந்தது.

"உங்க சின்ன கேமராவையும் கம்பத்துல மாட்டிடுங்க."

அவர் காதைச் சொறிந்தார். "அதுல சார்ஜ் இல்ல."

"என்னது?"

"நேத்தே போட மறந்துட்டேன். காலையில நீ வேண்டாம்னு சொன்னதும் நிம்மதியாப் போச்சு."

தவளைதான் முதலில் சிரித்தாள். மூக்கு வழியாக டீ வரும் அளவுக்குச் சிரித்தாள். "நல்ல குடும்பம்ப்பா இது," என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் மேல் எனக்கு இருந்த கோபமும் என் மேல் எனக்கு இருந்த கோபமும் பாதி இறங்கியது. மீதிப் பாதி வேலைக்கு வேண்டியிருந்தது, வைத்துக்கொண்டேன்.

பத்தே முக்காலுக்கு மறுபடியும் டியூப்பில் குறுக்கே படுத்தேன். கறுப்பு டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டிருந்தேன். காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. தண்ணீர் மேல் சின்னச் சின்ன மடிப்புகள். பட்டனை அழுத்தினேன். கேமராவைத் தவளையின் பக்கம் நீட்டினேன்.

"எரியுதா?"

"எரியுது அண்ணி!"

படகின் பக்கம் நீட்டினேன். "மாமா, எரியுதா?"

"செவப்பு, செவப்பு! எரியுது!"

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் டைரக்டரே," என்றார் என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து. ரொம்ப நாள் கழித்து அப்படிக் கூப்பிட்டார்.

படத்தின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். விழட்டும். கட்டைவிரலைப் பட்டனிலிருந்து எடுத்துக் கேமராவின் பிடிக்குள் மடக்கி, மற்ற நாலு விரலாலும் அதன் மேல் பூட்டுப் போட்டேன். இரண்டு விசில் வந்தது. விரல் உள்ளே துடித்தது, விடவில்லை.

கயிறு விறைத்தது. தவளை தண்ணீரிலிருந்து எழுந்தாள். டியூப் ஒவ்வொரு மடிப்பிலும் குதித்து என் தாடையில் குத்தியது. நான் முழங்கைகளைத் தளர்த்திக் கேமராவை மட்டும் அசையாமல் வைத்துக்கொண்டேன். அது எனக்குத் தெரிந்த வேலை. முதல் வித்தை வந்தது, நின்றாள். இரண்டாவது கொஞ்சம் தாழ்வாக வந்தது, நின்றாள். வெளியே ஒதுங்கினாள். தண்ணீர் காலையில் இருந்த தண்ணீர் இல்லை. பலகை தடதடவென்று அடித்தது. அலையை நோக்கிச் சாய்ந்து வந்தாள், எகிறினாள். சூரியன் அவள் பலகைக்குப் பின்னால் ஒருதரம் மறைந்தது. கைப்பிடி முதுகுக்குப் போனது. வலது கை விட்டது. ஒரு கணம் அந்தக் கைப்பிடி யாருடைய கையிலும் இல்லை என்று பட்டது. அப்புறம் இடது கையில் இருந்தது.

இறங்கினாள். பலகையின் வால் ஆழமாகப் புதைந்தது. உடம்பு பின்னால் சாய்ந்தது. வலது கை நீண்டு தண்ணீரைத் தொட்டது. தொட்டதா, தடவியதா, ஒரு விரலா, முழுக் கையா, குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சொல்லட்டும். காலையில் கண்ணாடி மாதிரி இறங்கியதை நாங்கள் நாலு பேர்தான் பார்த்தோம். அது எங்கள் நாலு பேரோடு போகும். இடது முழங்கால் மடிந்தது, தாங்கியது, எழுந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு விசில் வர வேண்டும். வரவில்லை. படகைப் பார்த்தேன். மாமாவின் இரண்டு ஜாக்கெட்டுக்கு மேல் விசில் கயிற்றில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசில் வராமல் ஓட்டுகிறவர் நிறுத்த மாட்டார். படகு போய்க்கொண்டே இருந்தது, ஏரியின் அகலத்துக்கு ஒரு பெரிய வளைவு எடுத்துக்கொண்டு.

தவளை இடது கையில் கைப்பிடியைப் பிடித்தபடி, வலது கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள். நான் கேமராவை அசைக்காமல் கழுத்தை மட்டும் நீட்டி அதன் மூலையை எட்டிப் பார்த்தேன். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.